எப்போது எரிகிறது?

எரிந்துகொண்டே இருக்கிற எச்சரிக்கை விளக்கால் பெரிய தொல்லை கிடையாது. வண்டியை நேராகப் பட்டறைக்கு விடலாம், விரலை நீட்டிக் காட்டலாம், மெக்கானிக்கும் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். சில நாள் எரிந்து, சில நாள் அணைந்து, நாம் மறந்திருக்கிற நேரம் பார்த்து மறுபடி எரிகிறதே, அதுதான் ஆளைப் படுத்துவது. அப்படிப்பட்ட விளக்கு பட்டறை வாசலுக்குப் போனதும் சமர்த்தாக அணைந்துவிடும். "எங்கங்க சார் எரியுது?" என்று பையன் கேட்பான். நமக்கே நம் கண்மேல் சந்தேகம் வந்துவிடும்.

எங்கள் வண்டி 2013-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை ஓடட்டும், அதற்குமேல் நானும் அதுவும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துகொள்கிறோம். பொள்ளாச்சிக்குள் காய்கறிக் கடை, வங்கி, கோயில் என்று போய்வருவது அதன் அன்றாட வேலை. மாதத்தில் ஒன்றிரண்டு முறை வால்பாறை. மகளை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்குத் தேயிலை எஸ்டேட்டில் வேலை. ஆழியாறு சோதனைச் சாவடி தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்கிற இடத்தில் நிறுத்தி, அணையையும், அதிர்ஷ்டம் இருந்தால் வரையாட்டையும் பார்த்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம்.

அந்த வண்டியில்தான் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் போட்ட விளக்கு எரிய ஆரம்பித்தது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இழுவை அப்படியே, சத்தம் அப்படியே. மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறைந்த மாதிரி ஒரு சந்தேகம். ஆனால் மைலேஜ் விஷயத்தில் ஓய்வூதியக்காரர்களின் சந்தேகத்தை நம்பக்கூடாது.

ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். உடம்புக்கு ஏதாவது என்றால்கூட இத்தனை வைத்தியர்கள் வரமாட்டார்கள். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகவில்லை என்றார் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர். பெட்ரோலில் கலப்படம் என்றார் இன்னொருவர். எலி ஒயரைக் கடித்திருக்கும், பானெட்டுக்குள் நாப்தலின் உருண்டை போடுங்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்பு எலிகளை அறிந்தவன் என்பதால் அதை மட்டும் நானும் ஒத்துக்கொண்டு, உருண்டையும் போட்டு வைத்தேன். என் மைத்துனர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் சுலபமான வைத்தியம்: "ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிருங்க மச்சான், கண்ணுல படாது." அவருடைய வண்டியில் அப்படித்தான் ஒட்டியிருக்கிறார். மூன்று வருஷமாக நிம்மதியாக இருக்கிறாராம்.

இந்த விளக்கு என்னத்துக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். இது இன்ஜினைக் காப்பாற்றுவதற்காக வந்ததில்லை. புகையைக் கட்டுப்படுத்த வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கார் புகையால் மூச்சுத் திணறியதால் கலிபோர்னியா மாநிலம் ஒரு விதி போட்டது. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, புகையைப் பாதிக்கும் கோளாறு எதுவாக இருந்தாலும் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும். 1988 மாடல் கார்களில் அது தொடங்கியது. 1996-ல் அமெரிக்கா முழுவதற்கும் பொதுவாக, ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் உள்ள ஒரே மாதிரி சாக்கெட் வந்தது. ஐரோப்பாவின் பெட்ரோல் கார்களுக்கு 2001. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளோடு 2010-ல் முதல் கட்டம், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம். எங்கள் வண்டி அந்த வருஷத்துப் பிள்ளை. ஆகவே மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால், "என் புகை கெட்டுப்போகலாம், சாவகாசமாக வந்து பார்" என்று பெரும்பாலும் பொருள் கொள்ளலாம். அதே விளக்கு படபடவென்று மின்னினால் வேறு கதை. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் வெளியே போய், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

எங்களுடையது மின்னவில்லை. வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். எரியாத நாளாக இருந்தாலும் ஸ்கேனரில் பழைய குறி பதிந்திருந்தது: பி 0135. பையன் திரையைப் பார்த்தான். "ஆக்சிஜன் சென்சார் போயிருச்சு சார். மாத்திரலாம்" என்றான். நாலாயிரத்துச் சொச்சம். மாற்றினான், குறியை அழித்தான், பழைய சென்சாரைப் புதிய சென்சார் வந்த அட்டைப் பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தான். நேர்மையான பிள்ளை. விளக்கு அணைந்தது. அடுத்த முறை வால்பாறை போய் வந்தபோது மறுபடி எரிந்தது.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்கேனர் பேசுகிற தோரணை அப்படி. நீதிபதி தீர்ப்புச் சொல்வதைப் போல ஒரு எண்ணைச் சொல்கிறது, நாம் தண்டனையை நிறைவேற்றக் கிளம்பிவிடுகிறோம். உண்மையில் பி 0135 சொல்வது சென்சார் கெட்டுவிட்டது என்றல்ல. சைலென்சர் குழாய் தொடங்குகிற இடத்தில், புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது என்று அளக்க ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு தவறாமல் இருக்க அது சொல்லும் சேதி வேண்டும். ஆனால் முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது வாயைத் திறக்கும். சீக்கிரம் சூடேற்ற அதற்குள்ளேயே ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அந்த ஹீட்டரின் சர்க்யூட்டில் மின்சாரம் ஒழுங்காகப் போகவில்லை, இவ்வளவுதான் அந்த எண்ணின் சேதி. சர்க்யூட் என்றால் ஹீட்டர் மட்டுமா? ஃபியூஸ் இருக்கிறது, ரிலே இருக்கிறது, கப்ளர் இருக்கிறது, ஒயர் இருக்கிறது. தெருவின் பெயரைத்தான் ஸ்கேனர் சொன்னது. நாம் முதல் வீட்டுக் கதவைத் தட்டி ஆளைப் பிடித்துவிட்டோம்.

மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவனுக்கு இது முன்னமே உறைத்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் ஒரு பழைய சமாச்சாரம் ஞாபகம் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிது. சட்டைப் பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டால் மின்சாரமே எனக்குக் கட்டுப்பட்டது என்று நினைக்கிற வயசு. உடுமலைப் பக்கம் தோப்புகளுக்கு நடுவே போகிற பதினோரு கிலோவோல்ட் ஃபீடர் ஒன்று திடீர் திடீரென்று ட்ரிப் ஆகும். மறுபடி சார்ஜ் பண்ணினால் ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும். விடிந்ததும் வெயில் ஏறுவதற்குள் லைனை நடந்து பார்ப்பது எங்கள் பழக்கம். இன்சுலேட்டர் சரி, ஜம்பர் சரி, கம்பி சரி. "கோளாறு எதுவும் காணப்படவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பேன். எத்தனை முறை எழுதினேனோ! எங்கள் ஃபோர்மேன் ஓய்வு பெறப் போகிற மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் லைன் பக்கமே போகவில்லை. துணைமின் நிலையத்துக்குப் போய் லாக் புக்கைப் புரட்டி, ட்ரிப் ஆன நேரங்களை மட்டும் ஒரு சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டு வந்தார். எல்லாம் மதியம் இரண்டு மணிக்குமேல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பிக்கிற நேரம். "காத்து அடிக்கறப்பப் போய்ப் பார்க்கோணுங்க சார். காத்து நின்னா மட்டை யோக்கியமாத்தான் நிக்கும்" என்றார். அன்றைக்கு மத்தியானம் போய் நின்றோம். லைனிலிருந்து ஆறடி தள்ளி அப்பாவியாக நிற்கிற தென்னை ஒன்று, காற்று வாகாக வந்ததும் சாய்ந்து, மட்டை நுனியால் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. காலையில் அந்த மரத்தடியில்தான் நாங்கள் உட்கார்ந்து இளநீர் குடித்திருந்தோம்.

ஃபோர்மேன் அதற்கப்புறம் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் அறிக்கைகளைப் பற்றியும் மேலே யாரிடமும் சொல்லவில்லை. வயதில் சின்ன அதிகாரியை நாலு பேர் முன்னால் மட்டம் தட்டாமல் வேலையைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த மனிதர்கள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள்.

வண்டிக்கு லாக் புக் இல்லையே என்று யோசித்தேன். இருந்தது. பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, கிலோமீட்டர், லிட்டர், தொகை எழுதுகிற நோட்டு ஒன்றை டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேலி செய்கிற நோட்டு. அதில் விளக்கு எரிகிற நாள், அணைகிற நாள், எங்கே போனோம், ஏசி போட்டிருந்தோமா, மழையா வெயிலா என்றும் எழுத ஆரம்பித்தேன். உண்மையில் எழுதியது பெரும்பாலும் என் மனைவி. ஸ்டியரிங் பிடித்தவன் எப்படி எழுதுவது?

எழுதினாலும் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மழைநாளில் எரிந்திருக்கிறது, வெயிலிலும் எரிந்திருக்கிறது. வால்பாறை போனால் எரிகிறது; சில தடவை வால்பாறை போயும் எரியவில்லை. நான் நோட்டைப் புரட்டி மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "ஏனுங்க, மாப்பிள்ளை ராத்திரியே வண்டியத் திருப்பி வெச்ச அன்னிக்கெல்லாம் எரியலீங்களே."

மகள் வீட்டு வாசல் ஒரு சரிவில் இருக்கிறது. வண்டி மூக்கை உள்ளே விட்டு நிற்கும். கிளம்பும்போது ரிவர்ஸ் எடுத்து மேட்டில் ஏற்றித்தான் சாலைக்கு வர வேண்டும். மாப்பிள்ளைக்கு நேரம் கிடைத்த இரவுகளில், நாங்கள் போய் இறங்கியதுமே இன்ஜினை அணைக்காமல் அவரே அதைத் திருப்பி, மறுநாள் நான் சிரமப்படாமல் நேராகக் கிளம்பும்படி நிறுத்திவைப்பார். கேட்காமல் செய்கிற பிள்ளை. அந்த உபகாரத்துக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் நோட்டைப் பார்த்தால் அவள் சொன்னது சரியாகவே இருந்தது.

அந்த நோட்டோடுதான் பாயிடம் போனேன். பாலக்காடு சாலைப் பக்கம் சின்ன தகரக் கொட்டகை போட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவர். லாரி, டிராக்டர் ஒயரிங்கில் கைதேர்ந்தவர். கார் அவருக்குக் கிளைத்தொழில். பானெட்டைத் திறக்கச் சொல்வார் என்று இறங்கி நின்றேன். அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு "உட்காருங்க சார்" என்றார். அப்புறம் கேள்விகள். விளக்கு நின்னு எரியுதா, மின்னுதா? வண்டி ஆறியிருக்கும்போதா, சூட்டிலா? எத்தனை பேர் உட்கார்ந்திருந்தீங்க? மேடா, சமதளமா? எரிஞ்சப்புறம் யாராவது பேட்டரியைக் கழட்டினாங்களா? நான் நோட்டை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். ரிவர்ஸ் விஷயத்தில் கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு சூது இருக்கு சார். கோளாறு வந்த உடனே இந்த விளக்கு எரியாது" என்றார். அவர் விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். பெரும்பாலான கோளாறுகளைக் கம்ப்யூட்டர் ஒருமுறை பார்த்ததும் மனசில் வைத்துக்கொள்ளும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறைக் கண்டால்தான் விளக்கைப் போடும். இடையில் ஒரு ஓட்டம் ஒழுங்காக நடந்துவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. எரிந்த விளக்கு அணையவும் அவசரப்படாது. தொடர்ந்து மூன்று ஓட்டம் சரியாக இருந்தால் தானே அணையும். அணைந்த பிறகும் குறி நினைவில் இருக்கும். இன்ஜின் ஆறிச் சூடாகிற கணக்கில் நாற்பது தடவை ஆனபிறகுதான் அது அழியும்.

எனக்கு எல்லாம் துலங்கியது. போகும்போது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு தடவை கோளாறு. மறுநாள் மகள் வீட்டு மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது இரண்டாவது தடவை, விளக்கு எரிகிறது. பொள்ளாச்சி வந்து காய்கறிக் கடை, வங்கி, கோயில் என்று சமதளத்தில் மூன்று ஓட்டம், அணைகிறது. அதற்கப்புறம் சாவகாசமாக ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன். நான் காலையில் லைன் பார்த்த கதைதான். மாப்பிள்ளை இரவே திருப்பி நிறுத்தினால் அந்த ரிவர்ஸ் முதல் ஓட்டத்தின் கணக்கிலேயே சேர்ந்துவிடும்; மறுநாள் ரிவர்ஸ் கிடையாது, இறக்கத்தில் இன்ஜினுக்குச் சிரமமும் கிடையாது. இரண்டாவது சாட்சி கிடைக்காமல் விளக்கு சும்மா இருந்துவிடுகிறது.

பாய் ஸ்கேனரை மாட்டினார். அவர் பார்த்தது எண்ணை அல்ல, எண்ணோடு பதிந்திருக்கும் இன்னொரு பக்கத்தை. கோளாறு கண்ட அந்தக் கணத்தில் வண்டி எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு படம் எடுத்து வைக்கிறது. வேகம், இன்ஜின் சுற்று, தண்ணீர்ச் சூடு, இன்ஜின் இழுத்த பாரம். வேகம் மிகக் குறைவு, பாரம் மிக அதிகம். "இது ஊருக்குள்ள ஓட்டின வேகம் இல்லை சார். முக்கி முக்கி நகர்ந்த வேகம்." முதல் ஒர்க்‌ஷாப்பில் குறியை அழித்தபோது இதையும் சேர்த்தே அழித்துவிட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அவர் செய்தது நான் ரசித்துப் பார்த்த வேலை. சென்சார் கப்ளரைக் கழற்றினார். ஹீட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட் வருகிற ஒயரில் டெஸ்ட் லேம்பை மாட்டி, இன்னொரு முனையை எர்த்தில் கடிக்கவிட்டார். மீட்டர் வைக்கவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை, எனக்கே தெரியும். ஒயருக்குள் ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பன்னிரண்டு வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு எரிய வேண்டும் என்றால் மின்சாரம் உண்மையாகவே ஓடியாக வேண்டும். வண்டி நின்ற நிலையில் பல்பு பளிச்சென்று எரிந்தது. கடைப் பையனை சீட்டில் உட்காரச் சொன்னார். ஃபுட் பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்சை லேசாக விடச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கம் எழும்பியது. பல்பு மங்கி நடுங்கியது. "ரிவர்ஸ் போடுடா." இன்ஜின் மறுபக்கம் சாய்ந்தது. பல்பு அணைந்தது. பையன் கிளட்சை மிதித்தான், எரிந்தது. விட்டான், அணைந்தது.

பாய் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பெருமைப்படவும் இல்லை. இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஒயர் கட்டு இன்ஜினிலிருந்து பாடிக்குத் தாவுகிற இடத்தில் டேப்பைப் பிரித்தார். ஒவ்வொரு ஒயராகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, மெதுவாக வளைத்துக்கொண்டே போனார். ஒரு ஒயரில் ஓரிடத்தில் விரல் நின்றது. "தொட்டுப் பாருங்க." மேலே பிளாஸ்டிக் உறை ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருந்தது. மற்ற இடங்களில் வளைக்கும்போது செம்பின் விறைப்பு தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் துவண்டு மடங்கியது. பிளேடால் கீறினார். உள்ளே செம்பு இழைகள் அறுந்து, முனைகளில் பச்சைப் பொடி பூத்திருந்தது. இரண்டு முனையும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை கரண்ட் போகும். இன்ஜின் சாய்ந்து இழுத்தால் பிரியும்.

பழுதான பகுதியை வெட்டி எறிந்து, புது ஒயரை முறுக்கிச் சால்டர் வைத்து, ஸ்லீவைத் தள்ளி லைட்டரால் சுருங்கவைத்தார். கொஞ்சம் தளர்வும் விட்டார். காசு கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான் பையைத் தடவினேன். "இருங்க சார், ஒயர் ஏன் அறுந்துச்சுன்னு பார்க்க வேண்டாமா?" என்றார்.

டார்ச்சை அடித்துக் காட்டினார். இன்ஜினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர் காய்ந்து, வெடித்து, ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. ரப்பர் பிடித்துக்கொள்ளாததால் ஒவ்வொரு முறையும் இன்ஜின் அளவுக்கு மீறி ஆடியிருக்கிறது. அந்த ஆட்டம் முழுவதையும் அந்த ஒயர் வருஷக்கணக்கில் வாங்கியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ரப்பரைப் பற்றிச் சொல்ல எந்த எண்ணும் இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஹீட்டர். "இதை மாத்தலேன்னா இந்த ஜாயின்ட்டும் ஒருநாள் வரும். அதுக்கு அப்புறம் பக்கத்து ஒயரு." மவுண்டிங் மாற்றுவது தன் வேலை இல்லை என்று சொல்லி, பக்கத்துப் பட்டறையில் தெரிந்த மெக்கானிக்கிடம் அவரே அழைத்துப்போய் விட்டார்.

குறியை அழிக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார். "நான் அழிச்சா விளக்கு இப்பவே அணைஞ்சுடும். ஆனா வேலை சரியா நடந்துச்சான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தானா அணையட்டும். நீங்க வால்பாறை போயிட்டு வந்து சொல்லுங்க." டிக்கியில் கிடந்த பழைய சென்சாரைக் காட்டினேன். ஹீட்டர் முனைகளில் மீட்டரை வைத்தார். சில ஓம் காட்டியது. "நல்லாத்தான் இருக்கு. தூக்கிப் போட்டுடாதீங்க, பின்னாடி உதவும்." அவர் வாங்கிய கூலி, அந்தச் சென்சார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதிகமாக நீட்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "டீ சாப்பிட்டுப் போங்க" என்றார். டீக்கும் அவர்தான் காசு கொடுத்தார்.

விளக்கு சொன்னபடி மூன்று ஓட்டத்தில் தானே அணைந்தது. வால்பாறைக்குப் போய், மாப்பிள்ளையை வண்டியைத் திருப்ப வேண்டாம் என்று தடுத்து, மேட்டில் ரிவர்ஸ் எடுத்தேன். எரியவில்லை. எனக்கு மாப்பிள்ளைமேல் ஏதோ மனவருத்தமோ என்று மகள் அவள் அம்மாவிடம் ரகசியமாக விசாரித்தாளாம்.

முதல் ஒர்க்‌ஷாப் பையனிடமும் போய்ச் சொன்னேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து முதலில் முகம் வெளிறிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும், வண்டி விட்டு வண்டியாக ஓடிக்கொண்டிருந்தவன் கையைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்டான். "ரிவர்ஸ்ல போட்டுப் பார்க்கணும்னு தோணலையே சார்" என்றான். அவனுக்கு அந்த ஃபோர்மேன் கதையைச் சொன்னேன். இளநீர் குடித்ததையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

உங்கள் வண்டியிலும் இப்படி ஒரு விளக்கு கண்ணாமூச்சி ஆடினால், பட்டறைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது எரிந்தது, அதற்கு முந்தைய ஓட்டத்தில் எங்கே போனீர்கள், மேடா பள்ளமா, என்ன கியர். குறியை அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இந்த சாமானை மாத்திரலாம்" என்று சொன்னால், அதற்கு வருகிற ஒயரைப் பார்த்தாச்சா என்று ஒருமுறை, கோபமில்லாமல் கேளுங்கள். இதெல்லாம் மஞ்சள் விளக்குக்குத்தான். ஆயில் விளக்கோ, சூடேறியதைக் காட்டும் விளக்கோ சிவப்பாக எரிந்தால் நோட்டும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.